நிலையோடு ஏழடி

பத்து மணிக்குத் தொடங்கிய பரீட்சையில் ஐம்பது நிமிடம் போயிருந்தது, இன்னும் நூற்று முப்பது நிமிடம் பாக்கி. மேற்பார்வைக்கு நிற்கிறவனுக்கு இந்தக் கழித்தல் கணக்கைத் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது. செல்போனைக் காலையிலேயே கன்ட்ரோல் ரூமில் வாங்கி வைத்துக்கொண்டுவிடுகிறார்கள், புத்தகம் படிக்கக் கூடாது, உட்காரக் கூடாது என்பது விதி, உட்கார்ந்தால் யாரும் கேட்கப்போவதில்லை என்பது நடைமுறை, நான் இரண்டுக்கும் நடுவில் மேஜை விளிம்பில் ஒரு தொடையை மட்டும் வைத்து நின்றுகொண்டிருந்தேன். சொந்தப் பாடத்துக்கு மேற்பார்வை போட மாட்டார்கள், ஆள் பற்றாக்குறையில் இந்தத் தடவை போட்டுவிட்டார்கள். பத்தொன்பது பேர், எம்.இ. இரண்டாம் ஆண்டு, விருப்பப் பாடம், கணினிப் பார்வையில் வடிவியல் முறைகள். விருப்பம் என்பது பேச்சுக்குத்தான். மெஷின் லேர்னிங் வகுப்பில் இடம் கிடைக்காதவர்கள்தான் பாதிப் பேர், கல்யாண வீட்டில் முதல் பந்தி கிடைக்காதவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஜனவரியில் வந்து உட்கார்ந்தார்கள். முதல் வகுப்பில் எல்லா வருடமும் சொல்கிறதையே இவர்களுக்கும் சொன்னேன். தண்டவாளம் இரண்டும் தூரத்தில் போய்ச் சேர்கிற மாதிரி தெரிகிறதே, படத்தில் அது சேருகிற இடத்துக்கு மறைபுள்ளி என்று பெயர், மறைபுள்ளிகளைக் கண்டுபிடித்துவிட்டு, படத்தில் ஏதாவது ஒரே ஒரு பொருளின் நிஜ உயரம் தெரிந்தால் போதும், அதே தரையில் நிற்கிற எதன் உயரத்தையும் நாற்காலியை விட்டு எழாமல் சொல்லிவிடலாம். நாற்காலியை விட்டு எழாமல் என்று சொல்லும்போது நாற்காலியில் உட்கார்ந்து காட்டுவேன், அதற்கு ஒரு சிரிப்பு வரும், பதினொரு வருடமாக வருகிறது. இப்போது அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன், வெளியே வேப்பமரத்தடியில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மெர்லின் ஷைனி. மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், வகுப்பில் வாயே திறக்காது, அசைன்மென்ட் மட்டும் கோடு போட்ட மாதிரி வரும். பக்கத்தில் போய்க் குனிந்தேன். கேள்வித்தாளில் ஐந்தாம் கேள்வியின் மேல் பேனா முனையை வைத்துக்கொண்டு, "சார், இதுல கதவு ஏழடின்னு குடுத்திருக்கு. அது நிலையோட சேத்தா சார், இல்ல பலகை மட்டுமா?" என்றாள். புரியாமல் பார்த்திருப்பேன் போலிருக்கிறது, அவளே சொன்னாள், "எங்கப்பா மரவேலை சார். ஏழடிக் கதவுன்னா நிலையோட வெளி அளவுதான் சொல்லுவாங்க. பலகை மூணு இஞ்ச் குறையும். படத்துல பலகையத்தான் குறி வெச்சிருக்கு, அதான் கேட்டேன்." எந்த மேற்பார்வையாளரும் சொல்கிறதைத்தான் நானும் சொன்னேன். "கேள்வில குடுத்திருக்கறத வெச்சு எழுதும்மா." அவள் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

திரும்பி மேஜைக்கு வருவதற்குள் அந்த ஒரு சொல் கூடவே வந்துவிட்டது. நிலை. இந்த வார்த்தை எனக்குத் தெரியாததா, எத்தனை வீட்டில் நிலை இடித்துத் தலையைத் தடவியிருக்கிறேன். ஆனால் நான் அளவை எடுத்த கட்டட வரைபடத்தில் டோர் டி-ஒன், ஏழடிக்கு மூன்றரை என்று ஆங்கிலத்தில்தானே போட்டிருந்தது, ஆங்கிலத்தில் டோர் என்றால் எனக்குக் கதவுதான், நிலையும் பலகையும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றாகக் கிடப்பது தோன்றவே இல்லை. சும்மா ஒரு பரீட்சைக் கேள்வியாக இருந்தால் அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம். ஐந்தாம் கேள்வியில் இருக்கிற படம் நிஜப் படம். எங்கள் துறையின் இரண்டாம் மாடி வராந்தா, அக்டோபர் மாதம் ஒரு மழை நாள் மாலை ஆறு பத்துக்கு அங்கிருக்கிற கண்காணிப்பு கேமரா எடுத்தது. கருவி அறையைச் சாவி போட்டுத் திறந்துகொண்டு ஒரு ஆள் உள்ளே போகிறான், மழைக்கோட்டு, தலை மூடியிருக்கிறது, முதுகு மட்டும்தான் தெரிகிறது. நான்கு நிமிடம் கழித்து ஒரு பையோடு வெளியே வருகிறான், அப்போதும் குனிந்த தலை. பையில் இருந்தது என் இரட்டைக் கேமரா. ஜெர்மனியிலிருந்து வரவழைத்தது, அது வருவதற்கு இரண்டு வருடம் கடிதம் எழுதினேன், சுங்கத்தில் போய் நின்றேன், வந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. முகம் இல்லை, கைரேகை இல்லை, நடை கூட மழைக்கோட்டில் தெரியவில்லை, ஆனால் ஆள் கதவுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற ஒரே ஒரு படம் இருந்தது. எனக்கு அது போதாதா. டீன் லலிதாம்பிகை மேடம் கூப்பிட்டு, "பூவராகன், உங்க சப்ஜெக்ட்தானே, ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டபோது உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு நாள் ராப்பகலாக உட்கார்ந்தேன். லென்ஸ் வளைவைத் திருத்தினேன், மறைபுள்ளிகளை முப்பது கோடுகள் வைத்துக் கணக்கிட்டேன், செருப்பு உயரத்தைக் கழித்தேன், தலைமூடியின் தடிமனைக் கூடக் கழித்தேன். நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர். கருவி அறைக்கு மூன்று சாவி. ஒன்று துறைத் தலைவரிடம், அவர் அந்த வாரம் பெங்களூரில் இருந்தார். ஒன்று என்னிடம். மூன்றாவது ஆய்வக உதவியாளர் தணிகாசலத்திடம். தணிகாசலத்தை மருத்துவ அறைக்குக் கூட்டிப்போய் உயரக் கம்பத்தில் நிற்க வைத்தார்கள், நானும் போனேன், அந்தத் தகடு அவர் தலையில் வந்து டொக்கென்று உட்கார்ந்த இடம் நூற்று எழுபத்திரண்டு. சப்தமில்லாமல் ஒரு திருப்தி எனக்குள் ஓடியது. மறுநாளிலிருந்து அவர் சஸ்பெண்ட். ஆறு மாதமாகிறது. இன்று இரண்டு மணிக்கு விசாரணைக் குழுவின் கடைசிக் கூட்டம், நான் போய் அறிக்கையை உறுதி செய்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அதோடு அவரை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு. ஆளை அளந்தோம், கதவை அளக்கவில்லை.

இதை இப்படி நேராக நினைத்துவிட்டேனே தவிர, நேராக நிற்கவில்லை அந்த நினைப்பு, உடனே வளைந்துகொண்டு போனது. வரைபடம் பலகையின் அளவாகவும் இருக்கலாமே, எல்லா ஊரிலும் ஒரே வழக்கமா இருக்கிறது, அந்தப் பெண்ணின் அப்பா மார்த்தாண்டத்தில் வீட்டுக் கதவு செய்கிறவர், இது தாம்பரத்துக்கு அப்பால் கான்ட்ராக்டர் கட்டிய கல்லூரிக் கட்டடம். அப்படியே குறைந்தாலும் மூன்று அங்குலம், மூன்று அங்குலம் கதவில் குறைந்தால் ஆளில் எவ்வளவு குறையும், போடு கணக்கை, வேண்டாம், அப்புறம் போடலாம். பேப்பர் புரட்டுகிற சத்தம். முதல் வரிசைப் பையன் ஒருத்தன் கால்குலேட்டரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அதோடு ஏதோ சண்டை போடுகிறான். தணிகாசலத்துக்கு ஆறு மாதத்தில் எத்தனை தடவை ஆள் அனுப்பியிருப்பார்கள், வா, விளக்கம் கொடு, போ, வா. ஒரு தடவைகூட நான் பேசவில்லை. ஒரு நாள் மாம்பலம் ஸ்டேஷன் படியில் எதிரே வந்தார், நான் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன், மணி அடிக்காத போனில் ம் ம் என்றேன். இதையெல்லாம் இப்போது எதற்கு. அவர் கெட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் கேமரா போனதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, கணக்கு ஒரு ஆளைக் கொடுத்தது, நல்லவரோ கெட்டவரோ சென்டிமீட்டர் பொய் சொல்லாது என்று எடுத்துக்கொண்டேன். கேமராவைச் சரிபார்க்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சடித்த தாள் ஒன்றைப் பிடித்துப் படம் எடுப்போம், தாள் சற்று வளைந்தாலும் எல்லாம் கோணலாகிவிடும். நான் அட்டையில் ஒட்டி, பிளைவுட்டில் ஒட்டி, மழைக்காலம் வந்தால் எல்லாம் நெளிந்துபோகும். ஒரு நாள் தணிகாசலம் ஒரு கண்ணாடித் தகடு வாங்கிக்கொண்டு வந்து அதில் ஒட்டிக் கொடுத்தார். "கண்ணாடி நெளியாது சார்." அந்த வருடம் என் அளவுப் பிழை பாதியாகக் குறைந்தது, கட்டுரை வந்தது, நன்றி தெரிவித்தலில் அவர் பெயரைப் போட வேண்டும் என்று நினைத்தேன், போட்டேனா, போடவில்லை, பக்க வரம்பு. அறிக்கையை ஆங்கிலத்தில்தான் முதலில் எழுதினேன், கூட்டல் கழித்தல் ஒரு சென்டிமீட்டர், அவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்று போட்டேன். ஊழியருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டுமாம், நானே தமிழில் எழுதுகிறேன் என்றேன், தமிழில் நன்றாக எழுதுவான் பூவராகன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. டீன் மேடம் படித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கூட்டல் கழித்தல்லாம் வேண்டாமே, நாளைக்கு வக்கீல் அதையே புடிச்சுக்குவான். உறுதியா எழுதுங்க" என்றார். ஐயத்திற்கிடமின்றி என்று எழுதினேன். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது, கணீரென்று இருந்தது. அதற்கு இரண்டு வரி மேலே கதவின் உயரம் ஏழடி என்று நானே தமிழில், என் கையால், எழுதியிருக்கிறேன். கதவு என்று எழுதிய கைக்கு நிலை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரவில்லை. அதைவிடக் கேவலம் அந்தப் படத்தையே பரீட்சைக்கு வைத்தது. நிஜ உலக உதாரணமாம். விடைக் குறிப்பில் நூற்று எழுபத்திரண்டு என்று போட்டு அதற்குப் பதினாறு மதிப்பெண்.

மணி பதினொன்றரை. ஹாலின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரமாகவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டடம் முழுக்க ஒரே கான்ட்ராக்டர், வரைபடத்தில் எல்லா அறைக்கும் அதே டி-ஒன், இந்த ஹாலுக்கும் அதே கதவு, கறுப்புப் பலகை, வெள்ளை பெயின்ட் அடித்த நிலை. அளக்க எதுவும் இல்லை. மேஜையில் இருந்தவை வருகைத்தாள், ஒரு பசை டப்பா, நூல் கண்டு, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கக் கூடுதல் விடைத்தாள் கட்டு. விடைத்தாள் ஏ-ஃபோர். இருபத்தொன்பது புள்ளி ஏழு சென்டிமீட்டர், இது உலகம் முழுக்க மாறாது, நிலை சேர்ந்ததா சேராததா என்று யாரும் கேட்க முடியாது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, தாளின் கீழ் விளிம்பைத் தரையோடு வைத்து, மேல் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு. ஒன்று. அந்தக் கோட்டில் தாளை வைத்து மறுபடி. இரண்டு. பின்னால் பேனாக்கள் நின்றது எனக்குக் கேட்டது, பேனா நிற்பது கேட்குமா என்றால் பத்தொன்பதும் ஒன்றாக நின்றால் கேட்கும். யாரோ மூக்கால் சிரித்தார்கள். திரும்பாமல், "எழுதுங்கப்பா" என்றேன். ஆறாவது தாளுக்கு நாற்காலி தேவைப்பட்டது, எடுத்துப் போட்டு ஏறினேன். ஆறு. ஏழாவது தாளை வைத்தேன். ஏழடிப் பலகையாக இருந்தால் ஏழு தாளும் அடங்கி மேலே மூன்று விரல் இடம் மிச்சம் இருக்க வேண்டும். ஏழாவது தாள் அடங்கவில்லை. கறுப்பு முடிந்து வெள்ளையின் மேல் ஒரு விரல் அகலம் ஏறி நின்றது. சரியாகப் பிடிக்கவில்லை என்று கீழே இறங்கி மறுபடி முதலிலிருந்து அளந்தேன், தரையிலிருந்து, ஒவ்வொரு கோடாக. மறுபடி ஏறி நின்றது. அங்கிருந்து நிலையின் வெளி விளிம்பு வரை மூன்று விரல் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மார்த்தாண்டத்தில் முகம் தெரியாத அந்த மனிதர் சொன்னது சொன்னபடி இருந்தது, நிலையோடு ஏழடி. நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதும் ஹால் முழுக்க என்னைப் பார்க்கிறது என்பதும் தெரிந்தது, இறங்கினேன். கையெல்லாம் பென்சில் கரி.

கணக்கு ஒரு வரி. நூற்று எழுபத்திரண்டு என்பது நூற்று அறுபத்தைந்து புள்ளி எட்டாயிற்று. அறுபத்தாறு என்று வையுங்கள். ஆறு சென்டிமீட்டர், நான் செருப்புக்கும் தலைமூடிக்கும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கழித்துக்கொண்டிருந்தேன். மழைக்கோட்டில் நின்ற ஆள் தணிகாசலம் இல்லை. முழங்காலை மடக்கி நின்றிருந்தால், கோட்டுக்குள் கூனிக்கொண்டிருந்தால் என்று நானே ஒரு வழி விட்டுப் பார்த்தேன், அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததே ஆள் நிமிர்ந்து நிற்கிறான் என்பதற்காகத்தான், அதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறேன், ஐயத்திற்கிடமின்றி. அப்படியானால் அறுபத்தாறு யார். அப்போதுதான் பயம் வந்தது, அதுவரை வந்ததெல்லாம் வெட்கம், இது பயம். நான் நூற்று அறுபத்தாறு. இன்ஷூரன்ஸ் மருத்துவப் பரிசோதனையில் அளந்தது. மிச்சமிருக்கிற சாவி என் சாவி. நான் எடுக்கவில்லை, ஆறு பத்துக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், அதற்குச் சாட்சி யார், பக்கத்தில் குடையை என் காலில் வடிய விட்ட ஒரு அம்மாவா. சாவி என் கையில் இருந்ததா என்றால் அதுவும் இல்லை, அது எப்போதும் ஆசிரியர் அறையில் என் மேஜை டிராயரில் கிடக்கும், டிராயருக்குப் பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். கேமராவைப் பறிகொடுத்தவன் என்பதால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. இப்போது போய்க் கணக்குத் தப்பு என்று சொன்னால் சரியான கணக்கு நேரே என்னிடம் வந்து நிற்கும். சொல்லாவிட்டால் ஒரு கையெழுத்து, ஐந்து நிமிடம், சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். இந்த இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தேன், கடைசி வரிசை வரை போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி. மெர்லின் ஐந்தாம் கேள்வியை எழுதிக்கொண்டிருந்தாள். நிற்காமல் பார்த்தேன். நடுவில் ஒரு கோடு கிழித்து இரண்டு பக்கமாகப் பிரித்து, நிலையோடு ஒரு விடை, நிலை இல்லாமல் ஒரு விடை, கீழே, எந்த உயரம் என்று தெரியாமல் முடிவு சொல்ல இயலாது என்று எழுதியிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்குமா. முடிவு சொல்ல இயலாது என்று எழுத எனக்குத் தோன்றியதே இல்லை, அப்படி எழுதியிருந்தால் ஒரு மனுஷன் ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டான். மேஜைக்கு வந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "அஞ்சாவது கேள்வில கதவோட உயரம் தப்பு. பலகை ஆறே முக்கால் அடிதான். ரெண்டுல எத வெச்சு எழுதியிருந்தாலும் முழு மார்க்." முதல் வரிசைக் கால்குலேட்டர் பையன், "நான் முடிச்சிட்டேன் சார்" என்றான். "அடிக்க வேணாம்பா, அப்படியே விடு" என்றேன். இவர்களுக்குத் திருத்துவது இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

ஒரு மணிக்கு மணி அடித்தது. தாள்களை வரிசை எண்படி அடுக்கி, பத்தொன்பது, வருகைத்தாளிலும் பத்தொன்பது, கட்டி, கன்ட்ரோல் ரூமில் ஒப்படைத்துச் செல்போனை வாங்கிக்கொண்டேன். சாப்பிடப் போகவில்லை, போனால் வீட்டுக்குள் போனதும் கால் வராது என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். குழு கூடுகிற அறை கீழ்த்தளத்தில், நூலகத்துக்கு அடுத்தது. வெளியே போட்டிருந்த பெஞ்சில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார், இரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டிருப்பார்கள், முன்னாடியே வந்துவிட்டார். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். இஸ்திரி போட்ட சட்டை, தாடி நரைத்திருந்தது, அதற்கு முன் தாடி வைத்துப் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பழக்கம். நிமிர்ந்து பார்த்துப் பேச வேண்டியிருந்தது, என்னைவிட ஆறு சென்டிமீட்டர் உயரம். காலையிலிருந்து மனதுக்குள் எத்தனையோ விதமாக ஆரம்பித்துப் பார்த்திருந்தேன், எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "தணிகாசலம், நான் குடுத்த உயரம் தப்பு. அது நீங்க இல்ல. உள்ள போய்ச் சொல்லப் போறேன்" என்றேன். அவர் ஃபைலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "எவ்ளோ சார் தப்பு?" "ஆறு சென்டிமீட்டர்." "ஓ." நூலகத்திலிருந்து இரண்டு பேர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து எங்களைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு போனார்கள். "என் சாவியும் டிராயர்லதான் கெடந்தது. அதையும் சொல்லிடுறேன்." "அது தெரியும் சார். நான் எழுதிக் குடுத்த பதில்லயே இருக்கு, ரெண்டாவது பக்கம். உங்களுக்கு ஒரு காப்பி வந்திருக்குமே." வந்தது. படங்கள் இருக்கிற பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். "படிக்கல தணிகாசலம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார், கோபம் வரும் என்று பார்த்தேன், வந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும், அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார், கருவி பழுதானால் எங்கே பிடித்திருக்கிறது என்று யோசிக்கும்போது இப்படித்தான் புருவத்தைச் சுருக்குவார். "எதனால சார் அவ்ளோ வந்துச்சு?" "கதவு. ஏழடின்னு வரைபடத்துல பாத்துப் போட்டேன். அது நிலையோட சேத்த அளவு." "நீங்க மேல போயி அளந்து பாக்கலியா?" "இல்ல." அவர் என் முகத்தையே பார்த்தார். அவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போயிற்று, சாவிக்கொத்து வைத்துக்கொள்கிற பை, அதில் இப்போது ஒன்றும் இல்லை.

"ஸ்டோர்ல நாலு டேப்பு இருந்துச்சே சார்" என்றார். "ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பனே."